போர்க்காலத்தில் போர்டைக் கலைத்தால் வழக்குப் போடுவது யார்?

கேள்வி: கோவையில் கம்பெனி செக்ரட்டரி படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருக்கிறேன். உக்ரைனில் 2022இல் இராணுவச் சட்டத்தின் கீழ் அரசு ஐந்து பெரிய நிறுவனங்களின் பங்குகளை எடுத்துக்கொண்டு நிர்வாகத்தையும் கைக்குள் கொண்டுவந்தது பற்றி வகுப்பில் பேச்சு வந்தது. போர் நடக்கும்போது நீதிமன்றம் இதில் தலையிடவே முடியாது என்றார் ஒருவர். முடிந்தாலும் போகக் கூடாது, அது நாட்டுக்குச் செய்யும் துரோகம் என்றார் இன்னொருவர். உண்மையில் வழக்குப் போட வழி இருக்கிறதா? பழைய இயக்குநர்கள் போடுவதா, பங்குதாரர் போடுவதா? ஜெயித்தால் என்ன கிடைக்கும்? நம் ஊர் மில்களையும் ஒரு காலத்தில் இப்படித்தான் எடுத்தார்கள் என்கிறார் அப்பா. அதுவும் இதுவும் ஒன்றா?

பதில்: வழி இருக்கிறது. ஆனால் நீங்கள் நடுவில் கேட்டிருக்கும் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம்: யார் போடுவது? இந்த மாதிரி வழக்குகளில் பாதி, எடுத்தது சரியா தப்பா என்ற இடத்துக்கே போய்ச் சேருவதில்லை. "நீங்கள் யார்? உங்களிடமிருந்து எதை எடுத்தார்கள்?" என்று நீதிபதி கேட்கும் முதல் கேள்வியிலேயே தடுக்கி விழுந்துவிடுகின்றன.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரி 24 அன்று ரஷ்யா படையெடுத்தது. அன்றே உக்ரைனில் இராணுவச் சட்டம் வந்தது; பிறகு அவ்வப்போது நீட்டிக்கப்பட்டது. அந்த ஆண்டு நவம்பர் தொடக்கத்தில், தலைமைத் தளபதியின் தலைமையகம் எடுத்த முடிவின்படி ஐந்து நிறுவனங்களின் பங்குகள் அரசின் கைக்குப் போயின. விமான எஞ்சின் செய்யும் மோட்டார் சிச், டிரான்ஸ்ஃபார்மர் செய்யும் சப்போரிஷ்டிரான்ஸ்ஃபார்மேட்டர், லாரி செய்யும் அவ்டோக்ராஸ், எண்ணெய் எடுக்கும் உக்ர்நாஃப்தா, கிரெமென்சுக் சுத்திகரிப்பு ஆலையை வைத்திருக்கும் உக்ர்டாட்நாஃப்தா. நவம்பர் 7 அன்று அரசு வெளிப்படையாக அறிவித்தது. பங்குகள் இராணுவச் சொத்து என்ற தகுதி பெற்றன, நிர்வாகம் பாதுகாப்பு அமைச்சகத்திடம் போனது. போர்முனைக்கு எரிபொருளும் எஞ்சினும் வண்டியும் வேண்டும், குண்டு விழுந்து எரியும் மின்நிலையங்களுக்கு டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும், அதனால் எடுக்கிறோம் என்பது அரசின் காரணம்.

"தலையிடவே முடியாது" என்று சொன்னவர் உக்ரைன் அரசியலமைப்பின் 64ஆம் பிரிவைப் படிக்க வேண்டும். இராணுவச் சட்டக் காலத்தில் சில உரிமைகளைக் கட்டுப்படுத்தலாம் என்கிறது அது. அதோடு, எவற்றைத் தொடவே கூடாது என்று எண்களைப் போட்டு ஒரு பட்டியலும் தருகிறது. சொத்துரிமையைச் சொல்லும் 41ஆம் பிரிவு அந்தப் பட்டியலில் இல்லை. நீதிமன்றம் போகும் உரிமையைத் தரும் 55 இருக்கிறது. அரசின் சட்டவிரோத முடிவால் வந்த நஷ்டத்துக்கு ஈடு கேட்கும் உரிமையான 56ஆம் பிரிவும் இருக்கிறது. அதாவது உங்கள் சொத்தை எடுக்கலாம், எடுத்ததைப் பற்றி நீங்கள் கோர்ட்டில் கேட்பதைத் தடுக்க முடியாது. அதே நாட்டின் இராணுவச் சட்ட ஆட்சிமுறைச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. தனி நீதிமன்றங்கள் அமைக்கக் கூடாது, வழக்கு நடைமுறையைச் சுருக்கக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கிறது. சண்டை நடக்கும் பகுதியில் ஒரு நீதிமன்றம் இயங்க முடியாவிட்டால் அதன் வழக்குகள் வேறு ஊர் நீதிமன்றத்துக்குப் போகும். கதவை மூடிவிடுவதில்லை.

சரி, யார் போவது என்பதற்கு வருவோம். இங்கே முதலில் பார்க்க வேண்டியது, எடுத்தது பங்கையா, நாற்காலியையா என்பது. இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், சட்டத்தில் ஒன்றல்ல.

உக்ரைனில் எடுத்தது பங்கை. நேற்றுவரை டெபாசிட்டரி கணக்கில் (பங்குகள் மின்னணு வடிவில் பதிவாகியிருக்கும் கணக்கு) என் பெயரில் இருந்த பங்கு இன்று அரசின் பெயரில் இருக்கிறது. நஷ்டம் நேராக எனக்கு, அதனால் வழக்கும் என்னுடையது. நிறுவனத்தைக் கேட்க வேண்டியதில்லை, புது டைரக்டர் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. உக்ர்நாஃப்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பாதியும் ஒரு பங்கும் ஏற்கெனவே அரசு நிறுவனத்திடம்தான் இருந்தது. ஆனாலும் பல ஆண்டுகள் நிர்வாகம் அரசின் சொல் கேட்கவில்லை. பொதுக்கூட்டம் செல்ல 60 சதவீதப் பங்குகள் வந்திருக்க வேண்டும் என்பது அங்கே விதி. ஏறக்குறைய 42 சதவீதம் வைத்திருந்த தனியார் தரப்பு வராமல் இருந்தாலே போதும், கோரம் கிடையாது, போர்டை, அதாவது இயக்குநர் குழுவை, மாற்ற முடியாது. 2015 மார்ச்சில் நாடாளுமன்றம் அந்த வரம்பைக் குறைத்தது. பங்கு கையில் இருப்பதும் போர்டு கையில் இருப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் உங்கள் படிப்பில் கிடைக்காது. 2022இல் மீதித் தனியார் பங்கையும் எடுத்தபோதுதான் அந்த இழுபறி முடிந்தது.

பங்கு அப்படியே இருக்க, போர்டை மட்டும் கலைத்துவிட்டு அரசு தன் ஆட்களை உட்காரவைத்தால்தான் சிக்கல். இதை நேரில் பார்க்காதவர்களுக்கு அதன் கஷ்டம் புரியாது. பதிவேட்டில் டைரக்டர் பெயர் மாறுகிறது. வங்கியில் மாதிரிக் கையெழுத்து மாறுகிறது. அடுத்து, நிறுவனத்தின் சார்பில் நடக்கும் வழக்கை நடத்தும் வக்கீலுக்கு ஒரு கடிதம் வருகிறது: உங்கள் வக்காலத்து ரத்து. அதன்பின் நிறுவனத்தின் பெயரில் யாராவது அரசை எதிர்த்து மனுப் போட்டால், புது நிர்வாகம் ஒரே பக்கத்தில் வாபஸ் மெமோ தாக்கல் செய்துவிடும். எடுத்துக்கொண்டவர்களே எடுத்ததை எதிர்த்து வழக்கு நடத்துவார்களா? பழைய இயக்குநர் போனால், "உமக்கு நிறுவனத்தின் பெயரில் பேச அதிகாரம் இல்லை" என்பார்கள். பங்குதாரர் போனால், "நஷ்டம் நிறுவனத்துக்கு, உமக்கு அல்ல" என்பார்கள். ஆக, நஷ்டப்பட்டவர் என்று ஒருவருமே இல்லாமல் போய்விடும்.

ஸ்ட்ராஸ்பர்க் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் இந்தப் பொறியைப் பார்த்திருக்கிறது. இராணுவச் சட்ட வழக்கு அல்ல, செக் நாட்டில் கட்டாய நிர்வாகத்தின் கீழ் வைக்கப்பட்ட ஒரு வங்கியின் வழக்கு, 2003இல் தீர்ப்பு. நிர்வாகியை நியமித்ததை எதிர்த்து நிர்வாகியின் சம்மதத்தோடுதான் வழக்குப் போட வேண்டும் என்றால் அந்த உரிமைக்கு அர்த்தமே இல்லை என்று பழைய நிர்வாகத் தரப்பின் மனுவை ஏற்றுக்கொண்டது. நியாயமான விசாரணை கிடைக்கவில்லை என்றும் தீர்ப்புச் சொன்னது. அதே நீதிமன்றம் 2020இல் ஹங்கேரி வங்கிப் பங்குதாரர்கள் வழக்கில் கையை இறுக்கிப் பிடித்தது. நிறுவனத்தைத் தொட்ட நடவடிக்கை பங்குதாரரின் சொந்த உரிமையையும் நேராகத் தொட்டது என்று காட்டாவிட்டால் மனு நிற்காது என்றது. இரண்டையும் சேர்த்து வைத்துப் படியுங்கள், எல்லை எங்கே என்று பிடிபடும்.

இந்த எல்லையை நம் உச்ச நீதிமன்றம் அவர்களுக்கெல்லாம் முன்பே அளந்துவிட்டது. அப்பா சொன்ன மில் கதைக்கும் இங்கேதான் வேர். சோலாப்பூர் நூற்பு நெசவு ஆலை 1949 ஆகஸ்டில் மூடப்பட்டது. 1950 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அவசரச் சட்டம் போட்டது. பழைய இயக்குநர்கள் வெளியே, அரசு நியமித்தவர்கள் உள்ளே. பங்குதாரர் இயக்குநரைத் தேர்ந்தெடுக்க முடியாது, அவர்கள் போடும் தீர்மானம் அரசு சம்மதிக்காமல் செல்லாது, நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி மனுப் போடவும் முடியாது. சிரஞ்சித் லால் சவுத்ரி என்ற பங்குதாரர் நேராக உச்ச நீதிமன்றம் போனார். 1950 டிசம்பரில் தோற்றார். மூன்று நீதிபதிகள் ஒரு பக்கம், இருவர் மறுபக்கம். பங்கு இன்னும் உம்மிடம்தானே இருக்கிறது, விற்கலாம், டிவிடெண்ட் (லாபப் பங்கு) வந்தால் வாங்கலாம், வாக்குரிமைக்கு வந்த தடை சொத்தைப் பறித்ததாகாது என்பதே பெரும்பான்மை சொன்னதன் சாரம்.

அதே ஆலை, அதே சட்டம், மூன்றே ஆண்டு கழித்து 1953 டிசம்பரில் துவாரகாதாஸ் சீனிவாஸ் என்ற இன்னொரு பங்குதாரர் ஜெயித்தார். என்ன மாறியது? அரசு நியமித்த இயக்குநர்கள் முன்னுரிமைப் பங்கு ஒவ்வொன்றுக்கும் இன்னும் 50 ரூபாய் கட்டு என்று நோட்டீஸ் அனுப்பினார்கள். அதோடு கதை மாறிவிட்டது. முதலாமவர் "என் போர்டை எடுத்துவிட்டார்கள்" என்று போனார். இரண்டாமவர், "என்னை யாரும் தேர்ந்தெடுக்கவிடாத ஒரு போர்டு என் பையிலிருந்து பணம் கேட்கிறது" என்று போனார். சட்டம் பெயருக்கு நிர்வாகத்தை மட்டும் எடுத்தாலும் உள்ளபடி சொத்தையே பறிக்கிறது, ஈட்டுத்தொகைக்கு வழி செய்யவில்லை, ஆகவே செல்லாது என்றது நீதிமன்றம். இந்த இரண்டு தீர்ப்புகளையும் தனித்தனியாக மேற்கோள் காட்டுகிறவர்கள் பலர். அருகருகே வைத்துப் படிப்பவர்கள் குறைவு. நாற்காலி போனதாக மட்டும் சொல்லிக்கொண்டு போகாதீர்கள், அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் உங்கள் கட்சிக்காரருக்கு என்ன செய்தார் என்று தேடிக் கண்டுபிடியுங்கள் என்பதுதான் என் ஜூனியர்களுக்கும் நான் சொல்வது.

அரசு அந்தத் தோல்வியை மறக்கவில்லை. 1955இல் அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் வந்தது. பொதுநலனுக்காகவோ நல்ல நிர்வாகத்துக்காகவோ ஒரு குறிப்பிட்ட காலத்துக்கு நிர்வாகத்தை எடுக்கும் சட்டங்களுக்கு 31ஏ பிரிவில் பாதுகாப்புக் கொடுத்தார்கள். நலிந்த பஞ்சாலைகளின் நிர்வாகத்தை 1972 சட்டத்தால் எடுத்து, 1974இல் தேசியமயமாக்கியது அதற்குப் பிந்தைய கதை. ஆகவே அப்பா சொல்வதில் பாதி சரி. பங்குதாரருக்கு வந்த அனுபவம் ஒன்றுபோலத்தான் இருந்திருக்கும். ஆனால் அது நாடாளுமன்றம் இயற்றிய சட்டம். இராணுவச் சட்டம் அல்ல.

அப்புறம், எதை வைத்து வழக்காடுவது? "இந்த நிறுவனம் போருக்குத் தேவையே இல்லை" என்ற வாதத்தை முதல் வரியில் வைப்பவரிடம் எனக்கு உடன்பாடில்லை. போர் நடக்கும் நாட்டில் எந்த நீதிபதியும் தளபதியின் தேவையைத் தன் கணக்கில் அளக்கத் துணிய மாட்டார், துணியவும் கூடாது. தாளைப் பாருங்கள். உக்ரைனின் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியார் சொத்தைக் கட்டாயமாக எடுக்கும்போது ஒரு ஆவணம் எழுதியாக வேண்டும். யாருடைய சொத்து, எந்தச் சொத்து, யார் எடுக்கிறார், எவ்வளவு மதிப்பு, இவ்வளவும் அதில் வேண்டும். மதிப்பீட்டை எதிர்த்து நீதிமன்றம் போகலாம் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. நான் அங்கே வக்கீலாக இருந்தால் முதல் வேலையாக அந்த ஆவணத்தின் நகலைக் கேட்டு எழுத்துமூலம் விண்ணப்பம் போடுவேன். முடிவெடுத்தவருக்கு அதிகாரம் இருந்ததா, மதிப்பு எந்தத் தேதியில் எந்த முறையில் போடப்பட்டது, எடுத்ததாகச் சொன்னதைவிட அதிகமாக எடுத்தார்களா, இந்தக் கேள்விகளை நீதிபதி போர்க்காலத்திலும் தயங்காமல் கேட்பார்.

புது போர்டு செய்யும் காரியங்களும் தனியாகக் கேள்விக்குரியவை. பிலிப்பைன்ஸில், நாட்டை இராணுவச் சட்டத்தின் கீழும் ஆண்ட அதிபர் மார்க்கோஸின் காலத்தில் முறைகேடாகச் சேர்ந்த சொத்துகளை மீட்க 1986இல் ஓர் ஆணையம் அமைத்தார்கள். அந்த ஆணையம் முடக்கிய பத்தான் கப்பல் கட்டும் நிறுவன வழக்கில் 1987இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: ஆணையம் காப்பாளர்தான், உரிமையாளர் அல்ல. சொத்து கரைந்துபோகாமல் பார்க்கலாம். உரிமையாளர் மாதிரி நினைத்தபடி பங்குகளில் வாக்களித்து எல்லாவற்றையும் மாற்ற முடியாது. திசை நேர்மாறான வழக்கு அது, இராணுவச் சட்டம் போன பிறகு வந்தது. ஆனால் காப்பது வேறு, ஆள்வது வேறு என்ற அந்தக் கோடு எந்த நாட்டு மனுவிலும் பயன்படும்.

ஜெயித்தால் என்ன கிடைக்கும் என்றீர்கள். உக்ரைனில் 41ஆம் பிரிவுப்படி சாதாரண நாளில் ஈட்டுத்தொகையைக் கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும், இராணுவச் சட்டக் காலத்தில் எடுத்துவிட்டுப் பிறகு முழுமையாகக் கொடுக்கலாம். "பிறகு" என்றால் எப்போது? இராணுவச் சட்டம் முடிந்த பின் வரும் ஐந்து பட்ஜெட் ஆண்டுகளுக்குள். சொத்து அப்படியே மிஞ்சியிருந்து, பழைய உரிமையாளர் அதுதான் வேண்டும் என்று நின்றால் நீதிமன்றம் வழியாகத் திரும்பக் கேட்கலாம். மிஞ்சியிருந்தால் என்ற அந்த நிபந்தனை லேசானதல்ல. கிரெமென்சுக் சுத்திகரிப்பு ஆலை பங்குகளை எடுப்பதற்கு முன்பே, 2022 ஏப்ரலிலேயே, ஏவுகணைத் தாக்குதலில் நின்றுபோயிருந்தது. அப்படியொரு நிறுவனத்தின் பங்குக்கு எந்தத் தேதியின் விலை? அடி வாங்கும் முன்பா, பின்பா? வழக்கின் மொத்தப் பணமும் அந்த ஒரு பதிலில் தொங்குகிறது.

காலம் என்ன செய்யும் என்பதற்கு வங்கதேசத்தின் மூன் சினிமா வழக்கைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பழைய டாக்காவில் வைஸ் காட் பகுதியில் இருந்த அந்தத் திரையரங்கு, பங்களாதேஷ் இட்டாலியன் மார்பிள் ஒர்க்ஸ் என்ற நிறுவனத்தின் சொத்து. 1971 போருக்குப் பின் கைவிடப்பட்ட சொத்து என்று சொல்லி அரசு எடுத்தது. நிறுவனம் வழக்காடியது, 1977இல் உயர் நீதிமன்றம் திருப்பிக் கொடு என்றது. ஜெயித்தாயிற்று அல்லவா? அதே ஆண்டு இராணுவச் சட்ட ஆட்சி ஒரு ஒழுங்குவிதியைப் போட்டு, அந்த மாதிரித் தீர்ப்புகளையே செல்லாததாக்கியது. 1979இல் ஐந்தாவது திருத்தம் அந்த ஆட்சியின் செயல்கள் அத்தனைக்கும் அரசியலமைப்பிலேயே காப்புக் கொடுத்தது. கையில் தீர்ப்பு இருந்தும் திரையரங்கு இல்லை. நிறுவனம் விடவில்லை. 2000இல் புதிய ரிட் போட்டு, இந்த முறை திருத்தத்தையே தாக்கியது. 2005இல் உயர் நீதிமன்றம் ஐந்தாவது திருத்தம் செல்லாது என்றது, 2010இல் உச்ச நீதிமன்றத்தின் மேல்முறையீட்டு அமர்வும் பெரும்பாலும் அதையே உறுதி செய்தது. ஒரு திரையரங்குச் சொத்துத் தகராறில் ஒரு நாட்டின் அரசியலமைப்புத் திருத்தமே விழுந்தது. ஆனால் அதற்குள் அந்த இடத்தில் வேறு கட்டடம் எழும்பிவிட்டது. திரும்பக் கொடுக்கத் திரையரங்கே இல்லை. கடைசியில் நீதிமன்றம் நிர்ணயித்தது 99 கோடி டாக்காவுக்கு மேல் ஈட்டுத்தொகை, அதைக் கட்டச் சொன்னது 2018இல்.

துரோகம் என்ற வார்த்தை என்னை வருத்தியது. உக்ரைன் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை. போர்முனைக்கு எரிபொருள் போக வேண்டியதும், மருத்துவமனைக்கு மின்சாரம் போக வேண்டியதும் பங்குதாரரின் டிவிடெண்டைவிடப் பெரிது. ஆனால் வழக்கு எரிபொருளை நிறுத்துவதில்லை. ஆலை ஓடிக்கொண்டே இருக்கும், லாரி போய்க்கொண்டே இருக்கும், இங்கே ஒரு நீதிபதி மதிப்பீட்டுத் தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார். குண்டு விழும் நாட்டில்கூட அந்த 64ஆம் பிரிவுப் பட்டியலில் கைவைக்கவில்லை என்பது அந்த நாட்டுக்குப் பெருமை. எடுக்கப்பட்ட நிறுவனங்களில் சிலவற்றின் முதலாளிகள் மீது கடுமையான குற்றச்சாட்டுகள் இருந்தன, மோட்டார் சிச்சின் தலைவர் சில வாரங்களுக்கு முன்தான் கைதாகியிருந்தார். அந்தக் குற்றச்சாட்டுகளைக் குற்றவியல் நீதிமன்றம் பார்க்கட்டும். அதே நிறுவனங்களில் பத்துப் பங்கு, இருபது பங்கு வைத்திருந்த ஓய்வுபெற்ற தொழிலாளிக்கும் கேட்க உரிமை உண்டு. முதலாளி கெட்டவர் என்பதற்காக அவருடைய கணக்கையும் சேர்த்து மூட முடியாது.

படிப்பு முடிந்து நீங்கள் ஒரு நிறுவனத்தில் உட்காரும்போது, எந்த நாட்டுக் கிளையானாலும் சரி, நிர்வாகம் கைமாறப் போகிறது என்று தெரிந்த அன்றே சிலவற்றைப் பிரதி எடுத்து நிறுவனத்துக்கு வெளியே, பங்குதாரரின் சொந்த வக்கீலிடம் கொடுத்துவைக்க ஏற்பாடு செய்யுங்கள். உறுப்பினர் பதிவேடு, கடைசியாகத் தணிக்கையான கணக்கு, சொத்துகளின் நிலையைக் காட்டும் தேதியிட்ட படங்கள், கடைசி போர்டு கூட்டத்தின் மினிட்ஸ். ரகசியக் காப்பு விதிகளை மீறாமல், பங்குதாரருக்குச் சட்டப்படி கிடைக்கக் கூடியவற்றை மட்டும். பங்குதாரரின் வழக்கை நிறுவனத்தின் வக்கீலே நடத்தும்படி விட்டுவிடாதீர்கள், முதல் நாளிலிருந்தே தனி வக்காலத்து இருக்கட்டும். நோட்டீஸ் கிடைத்த தேதியைக் குறித்துவையுங்கள், நிர்வாக முடிவுகளை எதிர்க்கும் கெடு பல நாடுகளில் குறுகியது. போர் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று கெடுவைத் தவறவிட்டால், ஐந்து பட்ஜெட் ஆண்டுக் கணக்கு தொடங்கும்போது அரசு எழுதிவைத்த மதிப்பு மட்டும்தான் மேசைமேல் இருக்கும்.